பக்கத்து சீட்டு

எங்கள் தெருவில் அவருக்குக் ‘காது’ என்று பெயர். கார்களுக்குப் பாட்டு செட் மாட்டித் தருகிற கடை அவருடையது. பலகையில் பெரிய எழுத்தில் வேறு என்னவோ எழுதி வைத்திருக்கிறார். அதைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘காது கடையா? சீட் கவர் கடைக்குப் பக்கத்துல’ என்பார்கள். அந்த சீட் கவர் கடைக்காரன் நான். என் தங்கையைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறோம். எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் பக்கம் தாளம் போட்டால் என் பக்கம் ஊசி டப்பா குதிக்கும். இருபத்திரண்டு வருடமாகக் குதித்துக்கொண்டிருக்கிறது.

எனக்குப் பாட்டில் பெரிய ஞானம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டால் கேட்பேன், நிறுத்தினால் நிம்மதியாக இருப்பேன். காரில் ஏறுகிற மனிதன் முதலில் செய்வது உட்காருவது. ஆகவே முதுகுக்கு நல்ல சீட்டு வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்பது என் கட்சி. மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னால், “உங்களுக்கு உக்காரத் தெரியும் மச்சான், கேக்கத் தெரியாது” என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். இப்படி ஆயிரம் தடவை முடிந்திருக்கிறது.

ஆனால் அவருடைய காதை நான் குறை சொல்ல மாட்டேன். தெருமுனையில் ஒரு கார் திரும்பும்போதே, “பின்கதவுல ஒரு கிளிப் விட்டுப்போச்சு” என்பார். கார் வந்து நிற்கும். கதவைத் தட்டிப் பார்த்தால் கிளிப் விட்டுத்தான் போயிருக்கும். இவ்வளவு கூர்மையான காதுக்கு, வீட்டில் வேலை சொன்னால் மட்டும் கேட்காது என்று என் தங்கை சொல்வாள். அது எல்லா வீட்டிலும் உள்ள கோளாறு, அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

கம்பெனியிலிருந்து காரோடு வருகிற செட்டை அவர் மதிப்பதே இல்லை. கதவின் உள்பக்கத்தைக் கழற்றி, அந்த ஸ்பீக்கரை எடுத்துக் கார்காரரின் உள்ளங்கையில் வைப்பார். “கனம் பாருங்க. பூரா காகிதம்” என்பார். அதற்கப்புறம் அந்த மனிதருக்குப் பழையபடி பாட்டுக் கேட்க மனசு வராது. பிறகு வேலை தொடங்கும். கதவுத் தகரத்துக்குள் கனத்த கறுப்பு ஷீட்டை உருளையால் தேய்த்துத் தேய்த்து ஒட்டுவார். ஓட்டைகளை எல்லாம் அடைப்பார். அதுவரை ‘டங்’ என்று மூடிய கதவு ‘தொப்’ என்று மூடும். அந்தத் ‘தொப்’ வந்தால்தான் புது ஸ்பீக்கரையே கையில் எடுப்பார். கீழே கதவில் ஒரு பெரிய ஸ்பீக்கர், மேலே கண்ணாடி மூலையில் கீச்சுச் சத்தத்துக்குக் கட்டைவிரல் அளவு ஒரு ட்வீட்டர், பின்னால் டிக்கியில் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப். வயர் எல்லாம் சீட்டுக்கு அடியில் ஓடும். சீட்டைக் கழற்ற வேண்டுமென்றால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். நான் ஸ்பானரோடு போக வேண்டும். நன்றி கிடையாது. மச்சானுக்கு எதற்கு நன்றி?

இதெல்லாம் கை வேலை. காது வேலை இதற்கப்புறம்தான். காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கக் கதவு கிட்டே, ஒரு பக்கக் கதவு தூரத்தில். கிட்டே இருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் முந்திக்கொண்டு ஓடி வந்துவிடும். தூரத்தில் இருப்பது பிந்தித்தான் வந்து சேரும். அதனால் பாடுகிறவர் ஏதோ நம் ஜன்னலோரத்தில் நசுங்கி உட்கார்ந்து பாடுவதுபோல இருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறார். அது கிட்டே இருக்கிற ஸ்பீக்கரைக் கண் இமைப்பதற்கும் குறைவான நேரம் பிடித்து நிறுத்தி வைக்கும். இரண்டு சத்தமும் ஒன்றாக வந்து காதில் சேரும். அப்போது பாடுகிறவர் எழுந்து போய் முன்கண்ணாடிக்கு நடுவில் நிமிர்ந்து நின்று பாடுவார். ஒரே ஒரு சங்கடம், ஒரு நேரத்தில் ஒரு சீட்டுக்குத்தான் இது ஒத்துவரும். எந்த சீட்டு என்பதில் மாப்பிள்ளைக்குச் சந்தேகமே வந்ததில்லை. யார் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறாரோ அவருக்குத்தான் கார், அவருக்குத்தான் பாட்டு.

நடுவில் நிற்கிறதா என்று பார்க்க அவர் பாட்டுப் போட மாட்டார். நன்றாகத் தெரிந்த ஒரு குரல் வேண்டும், அதுவும் சும்மா பேசுகிற குரல், அப்போதுதான் பிசகு தெரியும் என்பார். கல்யாணமான புதிதில் என் தங்கையை உட்காரவைத்து எதையாவது வாசி என்று சொல்லிப் பதிவு செய்துகொண்டார். அவள் கைக்கு அகப்பட்டது வாஷிங் மெஷின் வாங்கியபோது வந்த சின்னப் புத்தகம். ஆக, எங்கள் தெருவுக்கு வந்த ஒவ்வொரு காரிலும் முதல் முதலாகக் கேட்ட குரல் என் தங்கையுடையது: “மூடியைத் திறப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.” எனக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். என் வீட்டிலோ அந்த மெஷினே கிடையாது.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வேலை பார்த்த எந்தக் காரும் குறையோடு திரும்பி வந்ததில்லை. புகழுக்கும் பஞ்சமில்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஏக்கம்தான், அதை என்னிடம் மறைத்ததும் இல்லை. என் தங்கை வாயால் ஒரு ‘ஆஹா’ கேட்க வேண்டும்.

அதற்காகவே சொந்தக் காரில் பதினோரு தடவை செட்டை மாற்றியிருக்கிறார். வெளியே பெயிண்ட் உரிந்த கிழட்டுக் கார்; உள்ளே ராஜ உபசாரம். ஒவ்வொரு தடவையும் மாற்றி முடித்தவுடன் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போவார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கண் பாதி சொக்கி, “எப்படி இருக்கு?” என்பார். அவள், “நல்லாத்தான் இருக்கு” என்பாள். உப்புப் போட மறந்த சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிற தொனியில். சொல்லிவிட்டு, கையில் இருக்கிற தடித்த ஹேண்ட்பேகை முழங்காலுக்கும் கதவுக்கும் நடுவில், அதாவது சரியாக ஸ்பீக்கரின் வாயில், செருகி வைத்துக்கொள்வாள். அந்த ஹேண்ட்பேகைப் பற்றி மாப்பிள்ளை என்னிடம் புலம்பியதை எழுதினால் தனிப் புத்தகமாகும். “உங்க தங்கச்சிக்குக் கேக்கற ஞானமே இல்ல மச்சான். உங்க குடும்பத்துக்கே இல்ல” என்று முடிப்பார். நானும் ஆமாம் என்று விட்டுவிடுவேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா?

என் தங்கை வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் இரும்பு பிரேமை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, முந்தினது தெளிவா?’ என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். பொறுமை என்றால் அவளுடையதுதான் பொறுமை. எனக்குக் கண்ணாடி போட்டதும் அவள்தான். முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டர் வந்து சேர்ந்தார்.

ஆறடிக்கு மேல் உயரம். கார்ச்சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். கார் வெளியே நின்றது. கம்பெனி செட்டு சரியில்லை, நல்லதாக மாற்றித் தர வேண்டும் என்றார். மாப்பிள்ளை வழக்கம்போலக் காகித ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தார், டாக்டர் வழக்கம்போல மனசு உடைந்தார். நாலு நாளில் வேலை முடிந்தது. டாக்டர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

“பிரமாதங்க. எதிர்ல நின்னு பாடற மாதிரி இருக்கு.”

“ஓட்டிட்டுப் போய்க் கேளுங்க. இன்னும் நல்லா இருக்கும்” என்றார் மாப்பிள்ளை.

“கார் இங்கயே நிக்கட்டும். பக்கத்துல ஒரு வேலை இருக்கு, அப்புறம் வந்து எடுத்துக்கறேன்” என்று சாவியைச் சுற்றிக்கொண்டே போனார். நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள் கார் போய்விட்டிருந்தது.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. மாப்பிள்ளைக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“கடையில நல்லா இருக்குங்க. ரோட்டுல போனா கெட்டுப் போகுது” என்றார் டாக்டர். “பாடறவங்க கதவோரமாப் போய் ஒட்டிக்கறாங்க.”

ஓடும்போது ஆடி ஏதோ வயர் விடுகிறது என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். இரண்டு கதவையும் கழற்றினார், எல்லா முடிச்சையும் புதிதாகப் போட்டார். டாக்டர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கேட்டார். பிரமாதம். பக்கத்தில் ஒரு வேலை. இரண்டு நாள் கழித்துக் கார் மறுபடி வாசலில் நின்றது. “மறுபடியும் கதவோரம்” என்றார் டாக்டர், பல் வலியோடு வந்தவர் மாதிரி.

இந்தத் தடவை மாப்பிள்ளை ஆம்பையே மாற்றினார். டாக்டருக்கு நல்ல காது டாக்டர் ஒருவரைத் தெரியுமா என்றும் நாசூக்காகக் கேட்டார். டாக்டர் நாசூக்கே இல்லாமல், இரண்டு காதையும் போன மாதம்தான் சோதித்தேன், நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் தடவை கார் வந்தபோது மாப்பிள்ளை சுவரைத் தட்டினார்.

“மச்சான், வாங்க. ஒரு சுத்து போய்ட்டு வருவோம். நீங்க சாட்சி.”

கண்ணில் மருந்து விட்டிருக்கிறேன், நீங்களே ஓட்டுங்கள் என்று டாக்டர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். பாட்டுப் போட்டு, தெருவைத் தாண்டவில்லை.

“இதோ! கெட்டுப் போச்சு!” என்று டாக்டர் கத்தினார்.

“எங்க? நல்லாத்தானே இருக்கு?”

“இப்பக் கேளுங்க, கதவோரம்!”

“நடுவுல நிக்குதுங்க!”

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பின்சீட்டில் ஒரு தையல் பிரிந்திருப்பதுதான் தெரிந்தது. அதைச் சொன்னேன். ஒருவரும் மதிக்கவில்லை.

“சார், நீங்க இப்பப் பக்கத்து சீட்டுல இருக்கீங்க, அங்க அப்படித்தான் கேக்கும்” என்றார் மாப்பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு. “நீங்க ஓட்டறப்ப எப்படி இருக்கு? அதைச் சொல்லுங்க.”

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “ஓட்டறப்பவும்... அப்படித்தான்” என்றார்.

கடை வாசலில் வந்து இறங்கிய பிறகும் சண்டை ஓயவில்லை. பக்கத்து சீட்டில் கேட்பதை மட்டுமாவது சரிசெய்யக் கூடாதா என்று டாக்டர் கெஞ்சுகிற குரலில் கேட்டார். மூன்று தடவை தோற்ற மனிதரிடம் கேட்கிற நேரமா அது? மாப்பிள்ளை வெடித்துவிட்டார்.

“அந்த சீட்டை விடுங்க சார்! இத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறேன். அந்த சீட்டுல உக்காந்தவங்களுக்கு என்ன கேக்குதுன்னு எவன் பாத்தான்? அது சும்மா கூட வர்ற சீட்டு!”

என் தங்கை அப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அன்று அரை நாள் வேலை. சாப்பாட்டு டப்பாவோடு வந்திருந்தாள். எங்களுக்கு முன்பே வந்து நிற்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? டப்பாவை மேசை மேல் வைத்தாள். “சாப்பாடு வச்சிருக்கேன்” என்றாள். டாக்டர் காரை விட்டுவிட்டு மெல்ல நழுவினார்.

அவளை வீட்டில் விட மாப்பிள்ளை தன் காரை எடுத்தார். அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“எதுக்குப் பின்னாடி?”

“சும்மா கூட வர்றவதானே. எங்க உக்காந்தா என்ன? வண்டியை எடுங்க.”

அன்றிலிருந்து பின்சீட்டுதான். காலையில் கண்ணாடிக் கடைக்குப் போகும்போதும் பின்சீட்டு, திரும்பும்போதும் பின்சீட்டு. கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் பயங்கரம். வாடகைக் காரில் போகிறவள் மாதிரி, “இங்க நிறுத்துங்க, போதும்” என்பாளாம். டயர் கடைக்காரர் ஒருநாள் கையை நீட்டி, “சவாரி வருமாப்பா?” என்று கேட்டுவிட்டார். தெரு சிரித்தது. மாப்பிள்ளையும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ‘ஆஹா’வுக்கு ஏங்கிய மனிதர் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பதையும் தொலைத்துவிட்டு நின்றார்.

எனக்குக் கோபம் வந்தது. சீட்டுக்காரனான எனக்கு எதிரிலேயே ஒரு சீட்டை இப்படி இளக்காரமாகப் பேசலாமா என்றுதான் கோபம் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். தங்கைக்காகத்தான் கோபம். அவள் முகம் அந்த ஒரு நொடி சின்னதாகிப்போனதை நான் பார்த்தேன்.

இரண்டு நாள் நான் அவரிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. டாக்டர் காரில் கடைசிச் சந்தேகமாக சீட்டுக்கு அடியில் ஓடும் வயரைப் பார்க்க வேண்டுமாம். வேலை என்று வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் ஓட்டுகிற சீட்டைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு தடித்த மெத்தைத் துண்டு. உயரம் போதாதவர்கள் போட்டு உட்காருவது.

“மாப்பிள்ளை, நீங்க இதுல உக்காரும்போது சீட்டு எங்க இருந்துச்சு?”

“முன்னாடி இழுத்துக் கெடந்துச்சு. பின்னாடி தள்ளிட்டு உக்காருவேன்.”

“ஒவ்வொரு தடவையும்?”

“ஆமா. ஏன்?”

காதுக்காரருக்குக் கண் அவ்வளவுதான். பக்கத்து சீட்டுக்குப் போனேன். கம்பியின் கடைசி வரை பின்னால் தள்ளி இருந்தது. தலை சாய்க்கிற திண்டு உச்சியில் நின்றது. நடுவில் ஸ்பான்ஜ் இரண்டு விரல் ஆழம் பள்ளம். கீழே கால் வைக்கிற இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்பெட் தேய்ந்து நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. பிரேக்கே இல்லாத இடத்தில் ஒரு மனிதர் வருடக்கணக்காக பிரேக் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

“மாப்பிள்ளை, அந்த டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது” என்றேன்.

வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் நான் அவரிடம் பேசாமல் இருந்தவன் ஆயிற்றே, அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் நானே கேட்டேன். சாவி சுற்றுவது நின்றது.

“நாலு தடவை டெஸ்ட்ல தோத்துட்டேங்க” என்றார். “பல்லைப் பிடுங்கறப்ப கை கொஞ்சம்கூட நடுங்காது. ஸ்டீயரிங்கைத் தொட்டா நடுங்குது. வீட்டுக்காரிதான் ஓட்டுவா. இத்தனை உசரம் இருந்துக்கிட்டு ஓட்டத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவ வாசல்ல நிறுத்திட்டு முனையில போய் நிப்பா. நீங்க சாப்பிடப் போனதும் வந்து எடுத்துட்டுப் போவா.”

மாப்பிள்ளை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அந்தக் கறுப்புப் பெட்டி நாலு விதமான கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளும். அவர் எல்லாக் காரிலும் ஒன்றைப் போட்டுவிட்டு மூன்றைக் காலியாக விட்டிருந்தார். இப்போது இரண்டாவதைப் போட வேண்டும். முதலில் இருப்பது எப்படிக் கேட்கிறது என்று பார்க்க என் தங்கையின் குரலைப் போட்டார். மூடியைத் திறப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.

ஒரு நிமிடம் கேட்டார். மறுபடி போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். கதவைத் திறந்து இறங்கி வந்தவர் முகத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

“மச்சான், அங்க அவ குரல் அவ குரலாவே இல்ல. கதவுக்குள்ள மாட்டிக்கிட்ட யாரோ பேசற மாதிரி இருக்கு. நான் இந்தப் பக்கம் சொக்கிப்போய் உக்காந்துருக்கேன். அவ அங்க இதையே கேட்டுக்கிட்டு வந்திருக்கா. அந்தப் பேகை அவ என்னைத் திட்டிட்டே அங்க வச்சிருக்கணும்.”

எத்தனை வருடப் பெருமை அந்த இடத்தில் தரையில் கிடந்தது. எனக்கு வருத்தமாகவும் இருந்தது, உள்ளுக்குள் நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

டாக்டர் காரை அன்றைக்கே முடித்துக் கொடுத்தார். டாக்டரின் மனைவி இந்தத் தடவை ஒளியாமல் உள்ளே வந்தார். டாக்டருக்குத் தோள் வரைகூட இல்லை. பொத்தானை அழுத்தினால் பாட்டு அவர் பக்கம், மறுபடி அழுத்தினால் இவர் பக்கம். டாக்டர் பக்கத்து சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்டார். இல்லாத பிரேக்கைக்கூட மறந்துவிட்டார் என்பதை நான் கவனித்தேன். “வேணும்னு சொல்லியிருந்தா மொதல் நாளே போட்டுக் குடுத்திருப்பாங்கல்ல?” என்று அந்த அம்மாள் கேட்க, மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, “இல்லீங்க, நான்தான் கேட்டிருக்கணும்” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

அன்று அவரோடு வீட்டுக்குப் போனேன். சாட்சிக்கு என்று அவர் சொன்னார். அடி விழுந்தால் பிடிக்க என்று நான் நினைத்துக்கொண்டேன். தங்கை டீ கொடுத்தாள். அவர் டம்ளரைக் கையில் வைத்தபடியே கேட்டார்.

“அங்க உக்காந்தா கேக்கவே சகிக்கல. ஏன் இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லல?”

“எனக்கென்ன தெரியும்? கார்ல பாட்டுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். யாரு பாடினாலும் என் முழங்காலுக்குப் பக்கத்துல உக்காந்துதான் பாடுவாங்கன்னு.”

“எப்படி இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே!”

“கேட்டீங்க. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டே கேட்டீங்க. ஒரு நாளாவது எந்திரிச்சு வந்து என் எடத்துல உக்காந்து பாத்தீங்களா?” அவள் குரல் அப்போதும் உயரவில்லை. “நான் ஒருத்தருக்குக் கண்ணாடி போட்டா, அவங்க மூக்குல மாட்டித்தான் தெரியுதான்னு கேப்பேன். என் மூக்குல மாட்டிப் பாத்துட்டு, நல்லாத் தெரியுது எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ல மாட்டேன்.”

மாப்பிள்ளை டீயைக் குடிக்காமல் வைத்தார். நான் இரண்டையும் குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த இடத்தில் மூன்றாவது ஆளுக்கு வேலை இல்லை.

அடுத்த நாலு நாள் அவர் வேறு காரைத் தொடவில்லை. சொந்தக் காரில் பக்கத்து சீட்டை அவள் வைக்கிற அளவுக்கு முன்னால் இழுத்து, அதில் போய் உட்கார்ந்தார். அவள் காது இருக்கிற உயரத்துக்குத் தன் காது வர வேண்டுமே. அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. ஆகவே தலையைத் தோளுக்குள் இழுத்து, கழுத்தை வளைத்து உட்கார்ந்தார். ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொரு ஸ்பீக்கருக்கு டேப்பைப் பிடித்து அளந்தார். கதவில் முழங்காலை இடிக்கிற ஸ்பீக்கரைக் கழற்றிச் சாய்வாகத் திருப்பினார். நானே கூப்பிடாமல் போய் அந்த சீட்டுக்குப் புது ஸ்பான்ஜ் வைத்துத் தைத்தேன். அதற்கும் அவர் நன்றி சொல்லவில்லை. மூன்றாம் நாள் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தெருவில் யார் கூப்பிட்டாலும் உடம்பு முழுவதையும் திருப்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. என்னையும் வரச் சொன்னார். தங்கை வாசலில் வந்து, பழக்கப்படி பின்கதவில் கை வைத்தாள். அவர் கோணிய கழுத்தோடு போய் முன்கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு. கோவத்துல வந்த பேச்சு இல்ல, அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதான் பெரிய தப்பு. வந்து உக்காரு.”

அவள் அவர் கழுத்தைப் பார்த்தாள். “இது எப்படி ஆச்சுன்னு இப்பவாவது சொல்லுங்க.”

“உன் உசரத்துக்கு உக்காந்தேன்.”

சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். அவர் ஹேண்ட்பேகை வாங்கி, பின்சீட்டில் ஏறியிருந்த என் மடியில் வைத்தார். அதற்குள் செங்கல் வைத்திருப்பாள் போல.

கார் தெருவைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, ஏரியை ஒட்டிய நேர்ச்சாலைக்கு வந்தது. அங்கேதான் பாட்டுப் போட்டார். அவளுக்குப் பிடித்த பாட்டு, ஒரு பெண் தனியாகப் பாடுவது. பின்னால் இருந்த எனக்கு வழக்கம்போல ஏதோ கேட்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். அந்தப் பெண் அவருடைய ஜன்னலோரத்தில் போய் நசுங்கிக்கொண்டிருப்பாள். அவர் எப்போதும் போலக் கண் சொக்கவில்லை. எப்படி இருக்கு என்று கேட்கவும் இல்லை. கழுத்தைத் திருப்ப முடியாததால் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

நான் அவளைப் பார்த்தேன். முதலில் சும்மா சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்தாள். முன்கண்ணாடிக்கு நடுவில், யாருமே இல்லாத அந்த இடத்தில், யாரோ வந்து நின்றதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிற வரை கண்ணை எடுக்கவில்லை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

“ஏங்க,” என்றாள், “இத்தனை வருஷமா இதையா கேட்டுக்கிட்டு வந்தீங்க? நீங்க மட்டும் தனியா?”

மாப்பிள்ளை காரை ஓரம் கட்டினார். “ஆமா” என்றார்.

“சரி, மறுபடியும் மொதல்லேருந்து வைங்க.”

அவர் கை தடவியது, பொத்தான் அகப்படவில்லை. அவளே எட்டி வைத்துக்கொண்டாள்.